விதைநெல் விற்றவரும் வாங்கியவரும்
சாம் பொல்லாக்கின் வீரர் பரிமாற்றக் கணக்கு: ஒரு மதிப்பீடு

தோற்றுவாய்

ஒரு நூலை மதிப்பிடப் புகுவோர் அது தோன்றிய காலத்தையும், ஆசிரியனின் நோக்கத்தையும், அவன் கைக்கு எட்டிய கருவிகளையும் கருதுதல் வேண்டும். இவற்றை விடுத்துத் தம் காலத்துக் கண்கொண்டு மட்டும் நோக்கின் தீர்ப்புப் பிழைபடும். தமிழிலக்கிய மாணவர் திறனாய்வு வகுப்பில் முதலாண்டிலேயே கற்கும் பாடம் இது. நூலுக்குப் பொருந்தும் இந்நெறி செயலுக்கும் பொருந்தும். ஒருவரைக் கொடுத்து ஒருவரைப் பெறும் தொழில் ஒன்றுண்டு. அதனை எடைபோடும்போது இந்நெறி இன்னும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணிகளின் பொது மேலாளர் தொழிலே அது.

அத்தொழிலில் ஈடிணையற்றவர் எனப் புகழப்படுபவர், கனடா நாட்டின் மாண்ட்ரியால் கனடியன்ஸ் அணியை 1964 முதல் 1978 வரை நடத்திய சாம் பொல்லாக் (1925-2007). அப்பதினான்கு ஆண்டுகளில் அவ்வணி ஒன்பது முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. அவரைப் போற்றுவோர் ஒரே ஒரு பரிமாற்றத்தைச் சொல்லிப் போற்றுகின்றனர். ஐயுறுவோரும் அதே பரிமாற்றத்தைச் சொல்லியே ஐயுறுகின்றனர். இரு சாராரும் அளக்கும் கோல் சரியானதன்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆட்டமும் அமைப்பும்

நாம் அறிந்த ஹாக்கி புல்தரையில் ஆடப்படுவது. ஐஸ் ஹாக்கியோ பனித்தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படுவது. தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பின் கீழ் அணிகள் மோதுகின்றன. அணிக்கு வேண்டிய வீரர்களைத் தேடுவதும், ஒப்பந்தம் செய்வதும், பிற அணிகளோடு பரிமாறிக்கொள்வதும் பொது மேலாளரின் பணிகள்.

இப்பரிமாற்றம் பெரும்பாலும் பண்டமாற்று முறையிலேயே நிகழும். வீரனுக்கு ஈடாக வீரன் தரப்படுவான்; அல்லது தேர்வுரிமை தரப்படும். ஆண்டுதோறும் இளம் வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும் என்பதே அக்கால வழக்கம். அடுத்த ஆண்டிற்கோ அதற்கும் அடுத்த ஆண்டிற்கோ உரிய தேர்வுரிமையையும் இன்றே விற்கலாம். பிறவாத கன்றுக்கு விலை பேசுவது போன்ற வாணிகம் இது. கன்று காளையாவதும் நோயில் வீழ்வதும் எவர் கையில் உள்ளது?

1967ஆம் ஆண்டில் லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. புதிய அணி ஒவ்வொன்றும் இருபது இலட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்தியது. பழைய அணிகள் தமக்குரிய சிறந்த வீரர்களைக் காத்துக்கொண்டபின் எஞ்சியோரே புதிய அணிகளுக்கு வாய்த்தனர். இருக்கைகள் நிரம்ப வேண்டும். அதற்கு மக்கள் அறிந்த முகங்கள் உடனே வேண்டும். மாண்ட்ரியாலிடமோ வீரர்கள் மிகுதி. பொல்லாக் இவ்வேறுபாட்டைக் கண்டார். இன்றைய வீரனைக் கொடுத்து நாளைய தேர்வுரிமையைப் பெற்றார். பசித்த குடியானவன் விதைநெல்லை விற்பான். பத்தாயம் நிறைந்தவன் அதனை வாங்கி மழைக்குக் காத்திருப்பான்.

அவருக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சுக் கனடிய இளைஞர் இருவரைப் பிறர்க்கு முன்னதாகத் தேர்ந்துகொள்ளும் சலுகை மாண்ட்ரியாலுக்கு இருந்தது. 1969ஆம் ஆண்டுத் தேர்வோடு அது முடிவுற்றது. மறு ஆண்டே கியூபெக்கின் பெருவீரர் ஜில்பேர் பெரோ பஃபலோ அணிக்குச் சென்றார். சலுகை போனபின் அதே வளத்தைத் தம் திறத்தால் தேடவேண்டிய நிலையில் பொல்லாக் இருந்தார்.

லாஃப்லர் கதை

1970 மே மாதத்தில் ஓக்லண்ட் நகரின் சீல்ஸ் அணியோடு பொல்லாக் ஓர் ஒப்பந்தம் செய்தார். எர்னி ஹிக்கி என்னும் வீரரையும் மாண்ட்ரியாலின் 1970ஆம் ஆண்டு முதற்சுற்றுத் தேர்வுரிமையையும் கொடுத்தார். ஃபிரான்சுவா லாகோம்ப் என்னும் வீரரையும், ஒரு தொகையையும், சீல்ஸ் அணியின் 1971ஆம் ஆண்டு முதற்சுற்றுத் தேர்வுரிமையையும் பெற்றார். அடுத்த பருவத்தில் சீல்ஸ் கடைசி இடத்திற்கு வீழ்ந்தது. அதனால் 1971இன் முதல் தேர்வு மாண்ட்ரியாலுக்குக் கிட்டியது. அதைக்கொண்டு பெறப்பட்டவர் கீ லாஃப்லர். 1970-71 பருவத்தில் கியூபெக் இளையோர் அணிக்காக 130 கோல்கள் அடித்திருந்தவர் அவர்.

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. அப்பருவத்தின் நடுவே லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணி சீல்ஸுக்கும் கீழே போய்விடுமோ என்று பொல்லாக் அஞ்சினாராம். ஆகவே கிங்ஸ் அணியை உயர்த்தவே, 1971 சனவரியில் ரால்ஃப் பேக்ஸ்ட்ரம் என்னும் அனுபவசாலியை அவ்வணிக்கு அனுப்பினாராம். சுவையான கதை, ஆயின் எண்கள் அதற்கு முழுச் சான்று பகரவில்லை. பருவ முடிவில் கிங்ஸ் 63 புள்ளிகளும் சீல்ஸ் 45 புள்ளிகளும் பெற்றிருந்தன. வெற்றிக்கு இரு புள்ளி என்னும் கணக்கில் இடைவெளி ஒன்பது வெற்றிகளாகும். பருவத்தின் பிற்பாதியில் சேர்ந்த ஒரே வீரர் ஒன்பது வெற்றிகளைக் கொணர்ந்தார் என்பது நம்பத்தக்கதன்று. மாண்ட்ரியாலை விட்டு நீங்கப் பேக்ஸ்ட்ரமே விரும்பினார் என்பதும் கருதத்தக்கது. பொல்லாக்கின் உள்ளத்தில் அவ்வெண்ணம் இருந்திருக்கலாம். லாஃப்லர் வந்தது அதனால் அன்று.

சீல்ஸ் அணியினரை அறிவிலிகள் என இகழ்வதும் முறையன்று. ஒப்பந்தம் நிகழ்ந்த பருவத்தில் அவ்வணி கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றிருந்தது. அடுத்த பருவத்தில் பஃபலோ, வான்கூவர் எனும் இரு புதிய அணிகள் சேரவிருந்தன. கடைசி இடம் அவற்றுக்கே என்று எவரும் எண்ணியிருக்கக் கூடும். ஹிக்கியும் பயனற்றவர் அல்லர். முதற்பருவத்தில் 22 கோல்கள் அடித்தார். அன்று கையிலிருந்த செய்திகளைக்கொண்டு பார்ப்பின், அம்முடிவு துணிச்சலானது, மடமையானதன்று.

தீர்ப்பு எந்நாளில் வழங்கப்படுகிறது என்பதும் முக்கியம். 1971இல் லாஃப்லருக்கு அடுத்துத் தேர்வு பெற்றவர் டெட்ராய்ட் அணியின் மார்செல் டியான். முதல் மூன்று பருவங்களில் டியான் 245 புள்ளிகளும் லாஃப்லர் 175 புள்ளிகளும் ஈட்டினர். 1974இல் எழுதிய திறனாய்வாளர் எவரும் பொல்லாக் தவறாகத் தேர்ந்தார் என்றே எழுதியிருப்பர். அதன்பின் லாஃப்லர் தொடர்ந்து ஆறு பருவங்களில் ஐம்பது கோல்களுக்குக் குறையாமல் அடித்தார். ஐந்து கோப்பைகளில் பங்கு கொண்டார். 1974க்கும் 1980க்கும் இடையே பொல்லாக்கின் 1971ஆம் ஆண்டு முடிவு மாறிவிடவில்லை. நாம் அறிந்ததே மாறியது. விளைவைக்கொண்டு மட்டும் செயலை அளப்பதன் குறை இதுவே.

ஐந்தொகை

ஆகவே ஒரு பரிமாற்றத்தை விடுத்து முழுக் கணக்கையும் நோக்குவோம். பதவியேற்ற 1964ஆம் ஆண்டிலேயே, பாஸ்டன் அணி தேர்ந்திருந்த கென் டிரைடன் என்னும் இளம் கோல்காப்பாளரின் உரிமையை ஒரு நால்வர் பரிமாற்றத்தில் பொல்லாக் பெற்றார். பாஸ்டனுக்கு அவர் கொடுத்த இருவரும் லீக்கில் ஒரு போட்டியும் ஆடவில்லை. டிரைடன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயிலும்வரை பொல்லாக் காத்திருந்தார். 1971இல் ஆறே போட்டிகள் ஆடிய அனுபவத்தோடு களமிறங்கிய டிரைடன் முதற்சுற்றில் வீழ்த்தியது அதே பாஸ்டன் அணியை. 1968இல் ஜெரி டெஜார்டன்ஸ் என்னும் கோல்காப்பாளரைக் கிங்ஸ் அணிக்குக் கொடுத்துப் பெற்ற தேர்வுரிமைகளுள் ஒன்று நான்காண்டு கழித்தே பயன்பட்டது. அதில் வந்தவர் ஸ்டீவ் ஷட். 1976-77 பருவத்தில் அவர் 60 கோல்கள் அடித்தார். அப்பருவத்தில் மாண்ட்ரியால் 80 போட்டிகளில் எட்டில் மட்டுமே தோற்றது.

இழப்புப் பக்கமும் உண்டு. புகழ்வோர் அதனைப் புரட்டுவதில்லை. 1971 சனவரியில் 33 வயது ஃபிராங்க் மஹவ்லிச்சைப் பெற, 23 வயது மிக்கி ரெட்மண்ட் உள்ளிட்ட மூவரைப் பொல்லாக் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்தார். மஹவ்லிச் அவ்வாண்டுக் கோப்பைச் சுற்றுகளில் 14 கோல்கள் அடித்தார், கோப்பை வந்தது. ரெட்மண்டோ பின்னர் 52, 51 என இரு பருவங்களில் ஐம்பதைக் கடந்தார். இதில் இரு அணிகளும் தத்தம் தேவைக்கேற்பப் பெற்றன எனலாம். பரிமாற்றம் என்றால் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றே ஆகவேண்டும் என்னும் எண்ணத்தை இந்நிகழ்வு மறுக்கின்றது.

ரோஜி வஷான் விவகாரம் வேறு. டிரைடன் நிலைபெற்றபின் கோல்காப்பாளர் வஷான் 1971 நவம்பரில் கிங்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். ஈடாக வந்த நால்வருள் எவரும் மாண்ட்ரியாலுக்குத் தூணாகவில்லை. வஷான் கிங்ஸ் அணியின் முதுகெலும்பானார். 2016இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். 1973-74 பருவத்தில் டிரைடன் ஊதியப் பிணக்கால் ஆடாதிருந்தபோது மாண்ட்ரியால் முதற்சுற்றிலேயே வெளியேறியது. அவ்வாண்டு வஷானின் இன்மை உறுதியாக உணரப்பட்டிருக்கும். இதனைப் பொல்லாக்கின் பற்றுப் பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும்.

எழுதிய பின்னும் கணக்கு அவர் பக்கமே சாய்கின்றது. லாஃப்லர் என்னும் ஒரு பெயரை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரே ஒழுங்கு புலப்படுகின்றது: உபரியைக் கொடுத்தல், காலத்தை வாங்குதல், பொறுத்திருத்தல். ஒருமுறை நிகழ்வது பேறு. பதினான்கு ஆண்டுகள் நிகழ்வது நெறி. பொல்லாக் பெருமேலாளர் என்பதற்கு இந்நெறியே சான்று.

அறக்கணக்கு

திறமையை அளந்தபின் அறத்தையும் அளத்தல் வேண்டும். வாணிக அறத்திற்கு நம்மிடம் இரு உரைகற்கள் உள. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், தமக்குப் பெறும்போது நிறைய அளந்து பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்போரைக் கடுமையாக எச்சரிக்கின்றது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம், பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே வாணிகர்க்கு அழகு என்னும் கருத்தோடு நிறைவுறுகின்றது.

முதல் உரைகல்லில் பொல்லாக் தேறுகின்றார். அவர் எடை குறைக்கவில்லை, பழுதை மறைக்கவில்லை. கொடுப்பது இன்னார், பெறுவது இவ்வாண்டுத் தேர்வுரிமை என்று இரு தரப்பும் அறிந்தே கையொப்பமிட்டனர். ஆகவே அவரை ஏமாற்றுக்காரர் எனல் பழி.

இரண்டாம் உரைகல் இன்னும் கடுமையானது. விற்பவன் பசியால் விற்கிறான் என்று அறிந்தும் விதைநெல்லை வாங்குபவன், அவன் வயலைத் தன் வயல்போல் எண்ணினான் எனல் இயலாது. சீல்ஸ் அணி 1976இல் ஓக்லண்டை விட்டுக் கிளீவ்லாந்துக்குப் பெயர்ந்தது. 1978இல் மினசோட்டா அணியோடு இணைக்கப்பட்டு இல்லாதொழிந்தது. அதே 1978இல் பொல்லாக் தம் ஒன்பதாம் கோப்பையோடு ஓய்வு பெற்றார். அவ்வணியின் அழிவுக்குப் பார்வையாளர் குறைவு, உரிமையாளர் மாற்றங்கள் எனக் காரணங்கள் பல. பொல்லாக் மீது அதனைச் சுமத்துவது நியாயமாகாது. எனினும் போட்டியாளன் இன்றேல் போட்டியும் இல்லை. அங்காடியில் ஒருவனே எல்லாவற்றையும் வென்றுவிட்டால் நாளை எவரிடம் வாணிகம் செய்வான்?

எனவே குறை தனி மனிதரினும் அமைப்பினுடையது என்பதே என் துணிபு. வலுவற்ற அணிகளைச் சேர்த்துக் கட்டணம் பெற்ற லீக், அவை தம் எதிர்காலத்தை விற்றுத் தின்னாமல் காக்க வழி செய்யவில்லை. தன் அணியின் நலனைத் தேடுவது மேலாளரின் கடமை; எல்லா அணிகளின் நலனைக் காப்பது லீக்கின் கடமை. பின்னாளில் லீக் இதனை ஓரளவு உணர்ந்தது. 1995 முதல் முன்னணித் தேர்வுரிமைகள் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படுகின்றன. 2005 முதல் ஓர் அணி வீரர்களுக்கு அளிக்கும் மொத்த ஊதியத்திற்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே இன்றைய மேலாளரைப் பொல்லாக்கோடு நேர் நிறுத்தி ஒப்பிடுவதும் பொருந்தாது. இருவரும் விளைத்த நிலம் வேறு.

நிறைவாக

ஒரு மேலாளரின் பரிமாற்றப் பட்டியலைக் காணும்போது நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அன்று அவர் அறிந்திருந்தது யாது? அன்று அவர் அணிக்குத் தேவைப்பட்டது யாது? முழுப் பட்டியலிலும் ஓர் ஒழுங்கு தெரிகின்றதா? எதிர்ப்பக்கத்தில் நின்றவர் அளவு குறையாது பெற்றாரா? இந்நான்கிற்கும் விடை தேடாமல், 'இவர் வென்றார், அவர் தோற்றார்' என ஒரு வரியில் எழுதுவது மதிப்பீடு ஆகாது.

மாணவச் செல்வங்கள் நாளை பிறர் செயலை எடைபோடும் இடங்களில் அமர்வர்: தேர்வுத்தாள் திருத்துவர், ஊழியரைத் தேர்வர், குடும்பத்தில் பெரியோர் எடுத்த முடிவுகளைக் குறித்துப் பேசுவர். விளைவு தெரிந்தபின் முன்னோரின் முடிவைப் பழிப்பது எளிது. அம்முடிவு எடுக்கப்பட்ட நாளில் தம்மை நிறுத்திப் பார்த்து, அதன்பின் தராசைக் கையில் எடுப்பாராக.