ஊஞ்சலுக்கு வெளியே ஒரு பிள்ளை

மாலை ஐந்தரை மணி. பூங்காவில் ஊஞ்சலுக்கு அடிதடி. சற்றுத் தள்ளி, நடக்க முடியாத மகனை இடுப்பில் சுமந்தபடி ஒரு தாய் வேடிக்கை பார்க்கிறார். மோட்டார் சைக்கிள் நுழையாதிருக்க வாசலில் நட்ட இரும்புக் கம்பிகள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிட்டன.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு விளையாட்டில் சம இடம் வேண்டும் என்கிறது ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா அதை ஏற்றது 2007-இல். நம் ஊர்களில் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையமாவது கிடைக்கிறது. விளையாட்டுத் தோழர்கள்தான் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. வாரம் ஒரு மாலை அங்கே பெற்றோரும் பிள்ளைகளும் கூடலாமே. பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள்: பார்வையற்ற பிள்ளையும் விரலால் குழியைத் தடவிச் சோழியை எண்ணி ஆடலாம். இரைச்சல் தாங்காத குழந்தைக்கு ஓரமாக ஒரு பாய் விரித்தால் ஆயிற்று. அப்பாக்களும் வர வேண்டும். எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டுவது நம் பழைய வியாதி.

யார் ஒருங்கிணைப்பது? அங்கன்வாடிப் பணியாளர் மீது இன்னொரு பதிவேட்டை ஏற்றுவது அநியாயம். மகளிர் சுயஉதவிக் குழுவினர் இருவருக்கு மதிப்பூதியம் தந்து உள்ளாட்சிகள் இதைத் தொடங்கட்டும். அதற்கு முன், அந்த வாசல் கம்பிகளின் இடைவெளியைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள்.