திரும்பிப் போகிற டெபாசிட்டில் நம்ம நஷ்டக் கணக்கு எங்கே?

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, கெலமங்கலம் வட்டார விவசாயப் பெருமக்களே!

ரோடு, பஸ்ஸுக்குத் தனிப்பாதை, விமான நிலையம் என்று எதுக்கு நிலம் எடுத்தாலும், நிலம் கேட்கிற அமைப்பு முதலில் பணம் டெபாசிட் கட்ட வேண்டும். 2013ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டம் 19ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. திட்டத்தைக் கைவிட்டால், செலவாகாத பணம் கட்டினவங்களுக்கே திரும்பிப் போகும். அவங்க கணக்கு நேராகி விடும். நோட்டீஸில் சர்வே நம்பர் மாட்டிக்கொண்ட விவசாயியின் கணக்கு?

திட்டம் மாறாது என்று யாரும் சொல்ல முடியாது. டெல்லியில் 2008-ல் ஓட ஆரம்பித்த பஸ் தனிப்பாதையை 2016-ல் இடித்தார்கள். இந்தூரில் 2013-ல் திறந்ததை 2025-ல் அகற்ற உத்தரவானது. பஸ் ஓடின பாதைக்கே இந்தக் கதி என்றால், காகிதத்தில் கிடக்கிற திட்டத்துக்கு என்ன உத்தரவாதம்?

பக்கத்து பெங்களூரையே பாருங்க. தும்கூர் ரோட்டிலிருந்து ஓசூர் ரோடு வரைக்கும் வெளிவட்டப் பாதை என்று 2005-ல் முதல் அறிவிப்பு, 2007-ல் இறுதி அறிவிப்பு. அதுக்கப்புறம் பதினைந்து வருஷம் போயும் ரோடு வரவில்லை. ஆனால் அறிவிப்பில் வந்த நிலம் அறிவிப்பிலேயே கிடந்தது.

2013 சட்டப்படி முதல் அறிவிப்பு வந்துவிட்டால் அந்த நிலத்தை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. பொண்ணு கல்யாணத்துக்கு அரை ஏக்கர் விற்கலாம்னா முடியாது. போர் போடக் கடன் கேட்டா பேங்கில் கையை விரிப்பாங்க. ராகியும் தக்காளியும் ரோஜாவும் தண்ணி இல்லாம வருமா?

இதுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கு. 93ஆம் பிரிவைப் படிங்க. நிலத்தைச் சுவாதீனம் எடுக்காத வரை அரசு பின்வாங்கலாம். ஆனால் பின்வாங்கினால், நோட்டீஸாலும் நடவடிக்கையாலும் நில உடைமையாளருக்கு வந்த நஷ்டத்தைக் கலெக்டர் கணக்கிட்டு, ஆன செலவோடு சேர்த்துத் தர வேண்டும். இதை யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டாங்க. நாமதான் கேட்கணும்.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நாளைக்கு எந்த ஊருக்கு நோட்டீஸ் வந்தாலும், எந்தச் சட்டத்தில் வந்தது என்று முதலில் பாருங்க. தொழிற்சாலைக்கு 1997 சட்டம், மாநில நெடுஞ்சாலைக்கு 2001 சட்டம் என்று தனித்தனியாக இருக்கு. 2013 சட்டம் என்றால் 60 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுங்க. நோட்டீஸ், கடன் மறுத்த கடிதம், நின்றுபோன கிரய அக்ரிமென்ட், வக்கீல் ரசீது எதையும் தொலைக்காதீங்க.

நம்ம கோரிக்கை:

1. விவசாயி நஷ்டத்தைத் தீர்க்காமல் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்காதே!

2. திட்டம் காலாவதியானாலும் நஷ்டஈடு கொடு! எந்தச் சட்டத்தில் நிலம் எடுத்தாலும் இதே உரிமையைக் கொடு!

3. கைவிட்ட திட்டத்தின் தடையைப் பத்திர ஆபீஸ் பதிவிலிருந்து உடனே நீக்கு!

அவங்க பணம் திரும்புகிற அன்னிக்கே நம்ம நிலமும் விடுபடணும், நஷ்டமும் கைக்கு வரணும். கிராமசபையில் தீர்மானம் போடுவோம். ஒண்ணாப் போய்க் கேட்போம்!