டிவிடி ஓடவில்லையா?

பேத்தியின் கல்யாணப் படம் பென்டிரைவில் வந்திருக்கிறது. பாட்டிக்குப் பழகியதோ பழைய டிவிடி பெட்டிதான். படத்தை அப்படியே ஒரு தட்டில் பதிந்து கொடுத்தால், பெட்டி கையை விரித்துவிடுகிறது. உடனே அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அம்மா!

பெட்டியின் மேல் குற்றமில்லை. டிவிடி முதன்முதலாக ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1996-ல். அதற்குத் தெரிந்த பாஷை எம்பெக்-2. இன்றைய எம்.பி.4 படங்களோ பெரும்பாலும் 2003-ல் பிறந்த எச்.264 பாஷையில் பேசுகின்றன. கோப்பின் பெயரை மாற்றினால் போதாது. பாஷையையே மாற்ற வேண்டும்.

கம்ப்யூட்டரில் இதைச் செய்ய 'டிவிடி ஸ்டைலர்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நம் நாட்டுக்கு உரியது 'பால்' முறை (காப்பிக்கு விடும் பால் அல்ல!). 720-க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். இரண்டாவது, அகலத் திரைப் படமானால் 16:9 என்ற அளவு. இதில் தவறினால் மாப்பிள்ளை ஒட்டடைக் கம்பு மாதிரி தெரிவார்! மூன்றாவது, 4.7 ஜி.பி. தட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணித்தால் முகங்கள் மங்கிப் போகும்.

பதிந்தபின் 'ஃபைனலைஸ்' செய்ய மறக்க வேண்டாம். அது செய்யாத தட்டைப் பல பெட்டிகள் ஏற்பதில்லை.

முக்கியமாக ஒன்று: மாற்றிய படம் அசலைவிடச் சற்று மங்கல்தான். ஆகவே அசலை அழித்துவிடாதீர்கள். தட்டு பாட்டிக்கு, அசல் கொள்ளுப் பேரனுக்கு!