போர்க்கதைக்கு முன் அகராதி

பாய்மரப் போர்க்கப்பல்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பலர் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் எடுக்க வேண்டியது வில்லியம் ஃபால்கனர் 1769இல் வெளியிட்ட கடற்துறை அகராதி. கப்பலில் உழைத்தவரே எழுதியதால் பாயும் கயிறும் பீரங்கியும் இயங்கிய விதம் அதில் விளங்கும். கப்பல்களின் அளவு, பீரங்கி எண்ணிக்கை, கட்டிய ஆண்டு ஆகியவற்றுக்கு ரிஃப் வின்ஃபீல்டின் தொகுதிகள். மாலுமிகளின் அன்றாட வாழ்வுக்கு என்.ஏ.எம். ராட்ஜரின் 1986ஆம் ஆண்டு நூல். ஒரு தரப்பு நூல்கள் மட்டும் போதா. 1782இல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் மோதிய போரை ஆங்கில நூல்களை மட்டும் நம்பி எழுதினால் பாதி வரலாறே கிடைக்கும். பிரெஞ்சுப் பதிவுகளையும் படித்தாக வேண்டும். இருதரப்பிலும் மாண்ட மாலுமிகளுக்கு அதுவே நியாயம்.