பிட்யூட்டரிக்கு ஆண் பெண் உண்டா?

பிட்யூட்டரி பற்றிப் பள்ளியில் என்ன படித்தோம்? தலைமைச் சுரப்பி, பட்டாணி அளவு, கூடவே ஹார்மோன்களின் பட்டியல். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஆணின் பிட்யூட்டரியும் பெண்ணின் பிட்யூட்டரியும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறோமா?

மரபணுவைப் பார்த்தால் ஒன்றுதான். மனிதரில் வளர்ச்சி ஹார்மோனின் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. புரோலாக்டினுடையது 6இல். எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டுக்கும் தனித்தன்மை தரும் மரபணுக்கள் 11இலும் 19இலும். எதுவுமே எக்ஸிலும் இல்லை, ஒய்யிலும் இல்லை! ஆக, புத்தகம் ஒன்றே. எந்தப் பக்கத்தை எப்போது, எவ்வளவு வாசிப்பது என்பதில்தான் வித்தியாசம். பிறந்த சில மாதங்களில் ஆண் குழந்தைக்கு எல்.எச். ஓங்கி நிற்கும், பெண் குழந்தைக்கு எஃப்.எஸ்.எச். பிறகு இரண்டும் அடங்கிக் கிடந்து, பருவ வயதில் மறுபடி விழிக்கும்.

சரி, வாசிக்கச் சொல்வது யார்? 1936இல் ஃபைஃபர் என்ற விஞ்ஞானி, பிறந்த பெண் எலிக்குட்டிகளுக்கு விந்தகத்தைப் பொருத்தினார். வளர்ந்த பின் அவற்றுக்குக் கருமுட்டை வெளிப்படவில்லை. பிட்யூட்டரியே ஆணாகிவிட்டது என்று முடிவு கட்டினார். 1952இல் ஹாரிஸும் யாகோப்சனும், பிட்யூட்டரி நீக்கப்பட்ட பெண் எலியின் ஹைப்போதலாமஸுக்கு அடியில் ஆண் எலியின் பிட்யூட்டரியை வைத்தார்கள். நின்றுபோன சினைச் சுழற்சி திரும்ப வந்துவிட்டது! ஆண் சுரப்பி பெண்ணுக்குத் தக்கபடி வேலை செய்தது. கட்டளை மேலே மூளையிலிருந்து வருகிறது. கீழேயிருந்து அண்டகமும் விந்தகமும் தங்கள் ஹார்மோன்களால் அதைத் திருத்துகின்றன. 'தலைமை' என்ற பட்டம் கொஞ்சம் அதிகம்தான்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இரண்டு.

ஒன்று, "அவங்க ஹார்மோனே வேற, அதான் அப்படி" என்று பேசுவதை நிறுத்தலாம். ஹார்மோன் ஒன்றே. அளவும் நேரமும்தான் வேறு. அதுவும் வயதோடு மாறிக்கொண்டே இருப்பது.

இரண்டு, அதற்காக வித்தியாசமே இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஆண் எலியில் வளர்ச்சி ஹார்மோன் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குபீரென்று வரும். பெண் எலியில் சீராகக் கசியும். இந்தத் தாளத்தைப் பார்த்துத்தான் கல்லீரல், மருந்தைச் சிதைக்கும் சில நொதிகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. எலிக்கு உள்ளது அப்படியே மனிதருக்கு வராதுதான். ஆனாலும் ஆண் எலியை மட்டும் பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்?

பார்த்தது பெரும்பாலும் ஆண் எலியைத்தான். 2011இல் வெளிவந்த ஓர் அலசலின்படி நரம்பியலில் பெண் விலங்கை மட்டும் வைத்த ஆய்வு ஒன்று என்றால், ஆணை மட்டும் வைத்தவை ஐந்தரை. பெண்ணின் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்பது சாக்கு. பெண் சுண்டெலியின் அளவீடுகள் ஆணுடையதைவிட அதிகம் அலைபாய்வதில்லை என்று 2014இல் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார்கள்.

விலை கொடுப்பது யார்? ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992இல் அனுமதி கிடைத்தது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று சொல்லி, அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013இல். இருபது வருடம்! அத்தனை நாளும் எத்தனை பெண்கள் காலையில் அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டியிருப்பார்களோ.

நாளைக்கு நம்மில் சிலர் ஆய்வகத்துக்குப் போவோம். கூண்டில் இருப்பது ஆணா, பெண்ணா, அதன் வயது என்ன என்று முதலில் கேட்போம். பாதி உலகத்தை விட்டுவிட்டு எழுதும் முடிவு பாதி முடிவுதானே?