செவ்வாயைப் பார்க்க ஆறு மாதம் போதாது

பெங்களூருவின் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் அதே பச்சை வழித்தடத்தில் சில நிலையங்கள் தாண்டி பீன்யா வருகிறது. மங்கள்யானை வழிநடத்திய இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் அங்கேதான் இருக்கிறது. 2014 செப்டம்பர் 24 அன்று முதல் முயற்சியிலேயே செவ்வாயை எட்டினோம், அதுவும் வெறும் 450 கோடி ரூபாயில் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய கலம் ஏழரை ஆண்டு உழைத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய சாதனை. அடுத்த பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் செலவுக்கு முன்னால் இந்த ஆயுளைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

செவ்வாயின் ஓர் ஆண்டு 687 நாள். ஆறு மாதம் பார்த்தால் அங்கே ஒரு பருவம்தான் கண்ணில் படும். இந்த ஆண்டின் புழுதி வழக்கமானதா, விதிவிலக்கா என்று சொல்ல முடியாது. மங்கள்யான் ஏறக்குறைய நான்கு செவ்வாய் ஆண்டுகளைக் கண்டது. 2018இல் புழுதிப் புயல் கோள் முழுவதையும் மூடியபோதும் அது அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. இந்த ஆயுள் தானாக வந்துவிடவில்லை. 2017இல் கலம் செவ்வாயின் நிழலில் எட்டு மணி நேரம்வரை சிக்கிக்கொள்ளும் நிலை வந்தது. அது தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதோ 100 நிமிட இருட்டுக்கு. ஜனவரி 17 அன்று உந்திகளை 431 விநாடி இயக்கிப் பாதையை மாற்றினார்கள். 20 கிலோ எரிபொருள் தீர்ந்தது, மிஞ்சியது 13 கிலோ. அந்த 20 கிலோ நமக்கு இன்னும் ஐந்து ஆண்டுகளைத் தந்தது. 2022 ஏப்ரலில் வந்த நீண்ட நிழலோடு தொடர்பு அறுந்தது.

இத்தனை காலம் சுற்றி என்ன கண்டுபிடித்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1,337 கிலோ கலத்தில் அறிவியல் கருவிகளின் எடை சுமார் 15 கிலோதான். மீத்தேனைத் தேடிப் போன கருவியால் அதைப் பிரித்தறிய முடியவில்லை. அதன் தரவு செவ்வாயின் ஒளி எதிரொளிப்பை வரைபடமாக்கத்தான் பயன்பட்டது. மென்கா கருவி மேல் வளிமண்டலத்தில் எதிர்பார்த்ததைவிடச் சூடான ஆர்கானைக் கண்டது நல்ல அறிவியல். ஆயினும் ஏழரை ஆண்டுக்கு இது குறைவுதான். நீண்டு உழைக்கும் கலத்தில் இன்னும் கூர்மையான கருவிகளை ஏற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அன்று பி.எஸ்.எல்.வி. தூக்கக்கூடிய எடைக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று அதைவிட வலிய எல்.வி.எம்.3 கையில் இருக்கிறது.

இனி செவ்வாயில் தரையிறங்குவதுதானே பெருமை என்ற பேச்சும் உண்டு. இறங்கட்டும். ஆனால் 2023இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் தரைப் பணி ஒரு நிலவுப் பகலோடு முடிந்தது. இறங்கும் இடத்தைப் படமெடுத்துத் தந்து அதற்குத் துணைநின்றது 2019 முதல் நிலவைச் சுற்றிவந்த சந்திரயான்-2. ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் 2003இல் செவ்வாயை அடைந்து, இருபது ஆண்டுகளைக் கடந்தும் தரவு அனுப்பியது. தரையிறங்கும் கலத்துக்கு இடம் ஒதுக்கச் சுற்றுகலத்தின் எரிபொருளிலும் கருவிகளிலும் கை வைக்கக் கூடாது; பத்து ஆண்டுக்கான எரிபொருளையும், அந்தத் தரவை ஆராய நம் பல்கலைக்கழகங்களுக்கு வேண்டிய நிதியையும் முதல் திட்ட அறிக்கையிலேயே எழுதிவைக்க வேண்டும்.