கிரேடு 2 என்று எழுதிய பிறகு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், ஜாக்சன் நகரம். 2024 ஜனவரி 24 அன்று அங்கே ஒரு வீடு வெடித்துச் சிதறியதில் 82 வயது மூதாட்டி இறந்துபோனார். மூன்று நாள் கழித்து, அதே வட்டாரத்தில் இன்னொரு வீடு வெடித்தது. இரண்டு இடங்களிலும் கேஸ் கசிவது விநியோக நிறுவனமான அட்மாஸ் எனர்ஜிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஒரு கசிவு 2023 நவம்பரிலும் மற்றது டிசம்பர் தொடக்கத்திலும் கண்டறியப்பட்டு, பதிவேட்டில் ஏறியிருந்தன. இரண்டுக்கும் எதிரே எழுதப்பட்டிருந்தது: கிரேடு 2.

கிரேடு 2 என்றால் இப்போதைக்கு அபாயமில்லை, நாள் குறித்துக்கொண்டு சரிசெய்யலாம் என்று பொருள். அமெரிக்க எரிவாயுத் துறை பல ஆண்டுகளாகப் பின்பற்றும் தொழில்நுட்ப வழிகாட்டி, கசிவை மூன்றாகப் பிரிக்கிறது. கட்டடத்துக்குள்ளோ அடியிலோ கேஸ் புகுந்துவிட்டால், அல்லது வெளிச்சுவரை ஒட்டி ரீடிங் காட்டினால், அது கிரேடு 1. அபாயம் நீங்கும்வரை ஆட்கள் இடத்தைவிட்டு நகரக் கூடாது. கிரேடு 2-க்கு அதிகபட்சம் 15 மாதம். கிரேடு 3-ஐ அவ்வப்போது போய்ப் பார்த்தால் போதும், பழுது நீக்கக் கெடுவே கிடையாது.

இது வழிகாட்டிதான், சட்டமல்ல. அமெரிக்கக் கூட்டாட்சி விதித் தொகுப்பில் பழுது நீக்கும் வேகத்தைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி: அபாயகரமான கசிவுகளை உடனுக்குடன் சரிசெய்ய வேண்டும். 'உடனுக்குடன்' என்பது எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்ற விளக்கம் அதில் இல்லை. இந்தக் குறையை நிரப்ப 2020-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி பைப்லைன் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஒரு வரைவை வெளியிட்டது. பொதுவாக கிரேடு 2-க்கு 6 மாதம், கிரேடு 3-க்கு 24 மாதம் என்றது வரைவு. இறுதி விதியும் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசிதழில் அச்சாவதற்குள் ஆட்சி மாறியது, விதி திரும்பப் பெறப்பட்டது. எனவே இன்றும் மாநிலத்துக்கு ஒரு கணக்கு. மாசசூசெட்ஸ் தன் 2014 சட்டத்தில் கிரேடு 2-க்கு 12 மாதம் தந்தது. டெக்சாஸில் 6 மாதம்.

கெடு வேண்டும் என்பதில் இந்த இதழுக்கு இரண்டாவது கருத்து இல்லை. கெடு இல்லாத கிரேடு 3 பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். பாஸ்டன் நகரத் தெருக்களில் வண்டியில் கருவி பொருத்தி ஓட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கணக்கில் 3,356 கசிவுகள் இருந்தன.

ஆனால் ஜாக்சன் சொல்வது வேறு. முதல் வீட்டுக் கசிவு பதிவாகி, வீடு வெடிக்க ஆன காலம் சுமார் பத்து வாரம். 15 மாதக் கெடுவை 6 மாதமாகக் குறைத்திருந்தாலும் அந்தப் பத்து வாரம் கெடுவுக்கு உட்பட்டதே. விதி மீறப்படாமலேயே ஓர் உயிர் போயிருக்கும். பிரச்சினை நாள்களின் எண்ணிக்கையில் இல்லை. அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் கிரேடில் இருக்கிறது.

கிரேடு எப்படிப் பிறக்கிறது என்பது களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடப்பாரையால் மண்ணில் துளை போட்டு, கருவியின் குழலை இறக்கி, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த துளை, அதற்கடுத்த துளை. கேஸ் எதுவரை பரவியிருக்கிறது, சுவருக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்பதெல்லாம் அன்றைய மண்ணின் நிலை. மறுநாள் மழை பெய்தால் மேல்மண் நீரால் அடைபட்டுவிடும். மேலே வந்துகொண்டிருந்த கேஸ் பக்கவாட்டில் திரும்பி, சாக்கடைக் குழாய் போன பள்ளம் வழியாக வீட்டுக்கடியில் போய்ச் சேரும். போகிற வழியில் களிமண் அதன் வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு மூக்கும் உதவாது.

ஜாக்சன் நகரம் நிற்பது யாசூ களிமண்ணின் மேல். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, சாலையையும் வீட்டு அஸ்திவாரத்தையும் விரிசல் விடவைக்கும் மண் அது. குழாயை மட்டும் விட்டுவைக்குமா?

டெக்சாஸின் டல்லாஸிலும் இதே அட்மாஸ் நிறுவனம்தான். 2018 பிப்ரவரி 21, 22 தேதிகளில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் தீ விபத்து. ஊழியர்கள் வந்து சோதித்தும் மூலக் கசிவு அகப்படவில்லை. 23-ஆம் தேதி பின்தெரு வீடு வெடித்து 12 வயதுச் சிறுமி இறந்தாள். 1995-இல் சாக்கடைக் குழாய் மாற்றியபோது சேதமான மெயின் லைன்தான் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. 23 ஆண்டுப் பழைய காயம். அதை மூன்று நாளில் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைவிட, இரண்டாம் தீக்குப் பிறகும் அந்த வரிசை வீடுகளைக் காலி செய்யவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

மண் மாறும்போது கிரேடு பொய்த்துப்போகும் இந்தச் சிக்கலுக்கான விடையின் ஒரு பாதி மேலே சொன்ன வழிகாட்டியிலேயே இருக்கிறது. நிலம் உறைந்தால் சுவரை நோக்கி நகரக்கூடிய கசிவை, உறைபனிக் காலத்துக்கு முன்பே சரிசெய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. மண் மாறினால் அபாயமும் மாறும் என்பதை ஒப்புக்கொண்ட வாசகம் அது. அதில் உறைபனியோடு 'வேறு பாதகமான மாற்றங்கள்' என்றும் இருக்கிறது. மழை, உப்பும் களிமண், புதிதாகப் போட்ட தார்ச்சாலை எல்லாம் அதற்குள் அடங்கும். நடைமுறையில் அந்தச் சொற்களை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்?

நம் பக்கமும் எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் 'நகரம்' என்ற கிராமத்தில் கெயில் பைப்லைன் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழாயின் உட்புறத்தை ஈரம் அரித்திருந்தது. முந்தைய கசிவுகளுக்கு கிளாம்ப் போட்டுச் சமாளித்திருந்தார்கள் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. கிளாம்ப் போட்ட நாளில் கசிவு நிற்கும், பதிவேட்டில் கணக்கும் முடியும். அரிப்பு நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் நகர எரிவாயுக் குழாய்கள் இப்போதுதான் தெருத் தெருவாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் புதிய பாலிஎத்திலீன் குழாய், அதனால் கசிவுப் பட்டியலும் சிறியது. நல்ல வழக்கத்தை ஏற்படுத்த இதைவிட வசதியான காலம் வாய்க்காது. கோவையிலும் தூத்துக்குடி, விருதுநகர் பக்கங்களிலும் பூமி கரிசல். யாசூ களிமண்ணைப் போலவே உப்பிச் சுருங்கும். அங்கெல்லாம் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், செப்டம்பரிலேயே, நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு கிரேடு 2 கசிவுக்கும் புதிதாகத் துளை போட்டு ரீடிங் எடுக்க வேண்டும். முதல் கனமழைக்குப் பிறகு இன்னொரு முறை. ரீடிங் சுவரை நோக்கி ஓரடி நகர்ந்திருந்தாலும், எஞ்சிய கெடுவைப் பார்க்காமல் அன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும். அந்த உத்தரவை அலுவலகத்தைக் கேட்காமல் பிறப்பிக்கும் அதிகாரம் துளை போடும் மேற்பார்வையாளருக்கே இருக்கட்டும். பதிவேட்டில் ரீடிங்குக்குப் பக்கத்தில் மண் ஈரமா, காய்ந்ததா என்று குறிக்க ஒரு கட்டமும் சேர்க்கலாம். அதற்கு டெல்லியிலிருந்து விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.